திறந்திருந்த ஒற்றை மைக்

நிஸ்ரினின் கழுத்திலிருந்த கட்டியை நல்லபடியாக எடுத்தாகிவிட்டது. கெட்ட கட்டி இல்லை என்று சோதனையும் சொல்லிவிட்டது. அவளுடைய உம்மா, சித்தி லெய்லா என்று பெயர், கொழும்பிலேயே நன்றிக்காக இரண்டு ரக்அத் சுக்ரு தொழுதுவிட்டு, வான் பிடித்து மகளைப் புத்தளத்துப் பக்கம் மாம்புரிக்குக் கூட்டிவந்து, அயல் வீடுகளுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அதெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கட்டியோடு மகளின் குரலும் போயிருந்தது.

முழுதாகப் போகவில்லை. வாயைத் திறந்தால் காற்று வந்தது. காற்றுக்குள் எங்கோ ஒரு சொல்லும் இருந்தது. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும், கொஞ்சம் தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. குரல் நாணுக்குப் போகிற நரம்பு சோர்ந்துவிட்டது என்றார் டொக்டர். சில மாதத்தில் தானாக வரும், சிலருக்குப் பழையபடி வராமலும் போகும், ஆறுதலாகக் கதைக்கலாம், கத்த மட்டும் கூடாது.

"நான் எங்க டொக்டர் கத்தப்போறன்?" என்றாள் நிஸ்ரின்.

டொக்டர் குனிந்து, "என்ன?" என்று கேட்டார்.

அவள் மாம்புரியில் முன்பள்ளி ரீச்சர். குரல் வரும்வரை லீவு கொடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை பாட்டுச் சொல்லிக் கொடுப்பது தென்னந்தோட்டத்துக்கு அப்பாலிருந்து காலையில் கேட்கும். ஜன்னலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் பிள்ளைகளை நினைத்துத்தான் வாடிப்போகிறாள் என்று சித்தி லெய்லா எண்ணினாள். பிள்ளைகளையும் நினைத்தாள்தான். ஆனால் அவள் அதிகம் நினைத்தது சனிக்கிழமைக் கேமை. அதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு கேமுக்காக இத்தனை கவலையா என்று கேட்டால் பதில் இல்லை.

அந்தக் கேமை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவளுடைய மாப்பிள்ளை ஹில்மி. கலியாணம் முடித்த அடுத்த வருஷமே அவன் டோஹாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். போனில் "சாப்பிட்டாச்சா?", "என்ன கறி?" என்பதற்கு மேல் கதை ஓடாத ஒரு நாளில், "ரெண்டு பேரும் சேந்து ஏதாச்சும் செய்வம்" என்று சொல்லி, டைட்ஹோல்ட் என்கிற அந்த ஒன்லைன் கேமை அவளுடைய லெப்டொப்பில் போடச் சொன்னான். கேமுக்குள் இருந்த ஒரு கரையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பெரிய பெரிய நண்டுகளை வெட்டினார்கள். பிறகு அவனுக்கு வேலை கூடியது, கேம் அலுத்தது, விட்டுவிட்டான். அவள் விடவில்லை.

கேமில் அவள் ஹீலர். கடலிலிருந்து எழும்பி வருகிற பெரும் பிராணிகளை எதிர்க்க இருபது பேர் கொண்ட ஒரு படை போகும். முன்னால் ஒருவர் கேடயம் பிடித்து அடியை வாங்குவார். அவரைச் சுற்றி வாள்காரரும் வில்காரரும். எல்லாருக்கும் பின்னால் ஐந்து ஹீலர்கள், கையில் ஆளுக்கொரு விளக்கு. அடிபட்டவர் பக்கம் விளக்கைத் தூக்கினால் அவருக்கு உயிர் ஏறும். ஆனால் ஒரு தரம் தூக்கினால் மறுதரம் தூக்குவதற்கு ஒரு மூச்சு நேரமாவது பொறுக்க வேண்டும். ஐந்து பேரும் பதறிப்போய் ஒருவருக்கே தூக்கினால் மறுபக்கத்தில் மூன்று பேர் செத்துக் கிடப்பார்கள். அதனால் யார் யாரைப் பார்ப்பது என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நிஸ்ரின்.

அவளை யாரும் அதற்குத் தெரிவு செய்யவில்லை. ஒரு நாள், சொல்ல ஆளில்லாமல் படை முழுவதும் அழியப்போன நேரத்தில், அவள்தான் வாயைத் திறந்து, "அலீமா ராத்தா, நீங்க நெய்னார் நானாவ மட்டும் பாருங்க. மத்த எல்லாரையும் நாங்க பாக்கிறம்" என்றாள். கல்முனையிலிருந்து விளையாடும், அவளுக்கு அக்கா மாதிரியான அலீமா அப்படியே செய்தாள். கேடயம் பிடித்திருந்த நெய்னார் பிழைத்தார். புத்தளம் ரவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். "இந்தப் புள்ளட சத்தம் கேட்டாச் சரி, எனக்கு இன்னும் உயிர் இருக்கு எண்டு அர்த்தம்" என்று அன்று சொன்னார். அதற்குப் பிறகு எல்லாரும் அவள் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

படைக்குத் தலைவர் அன்ரனிப்பிள்ளை. சிலாபத்துக்காரர், மிலானோவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. கரைவலை இழுக்கிறவரைப் போன்ற தொண்டை. எப்போது அடிப்பது, எப்போது பின்வாங்குவது என்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் யாழ்ப்பாணம், லண்டன், ரொரன்ரோ என்று சிதறிக் கிடந்த தமிழாக்கள். அத்தனை பேருக்கும் ஒத்துவந்தது சனிக்கிழமை பின்னேரம்தான். மாம்புரியில் வெயில் சாயும்போது அன்ரனிப்பிள்ளை வேலைக்குப் போகுமுன் காலுறையோடு உட்கார்ந்திருப்பார். ரொரன்ரோக்காரருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.

நிஸ்ரின் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். குரலில்லாத ஆளுக்குச் சொல்கிற வேலை எதற்கு, அதை அலீமா ராத்தாவுக்குக் கொடுங்கள், நான் கொஞ்ச நாள் வராமல் இருக்கிறேன் என்று.

முதலில் வந்தது அலீமாவின் குரல் பதிவு. பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எனக்கு ஆளக் காப்பாத்தத் தெரியும் புள்ள. ஆர சாக விடுறண்டு முடிவெடுக்கத் தெரியா. அத நீதான் செய்ற. எனக்கு அது ஏலா."

நிஸ்ரின் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். தான் செய்கிற வேலைக்கு அப்படியொரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. எல்லாரையும் காப்பாற்ற முடியாத நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவாள், அவ்வளவுதான். அது இன்னொருவருக்கு அத்தனை பாரமாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அன்ரனிப்பிள்ளை அழைத்தார்.

"தங்கச்சி, நான் கதைக்கிறது கேக்குதா?"

"கேக்குது அண்ணன்."

"நீங்க கதைக்கிறதும் எனக்குக் கேக்குது. அப்ப சனிக்கிழமை வாங்க."

"போனுல கேக்கும். சண்டைக்குள்ள கேக்காது."

"வந்து பாப்பமே."

அவருக்கு மறுப்புச் சொல்ல அவளிடம் போதிய காற்று இருக்கவில்லை.

அந்த நாட்களில் படை முட்டி மோதிக்கொண்டிருந்தது ஒரு பிராணியோடு. கேமில் அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். பார்த்தால் திருக்கை மாதிரி இருந்ததால் அவர்கள் திருக்கை என்றே சொன்னார்கள். கரைக்கு வந்தால் கரை தெரியாது, அவ்வளவு பெரிது. அதன் வாலில் இருக்கும் முள்தான் ஆபத்து. சண்டையின் கடைசிக் கட்டத்தில் அந்த முள் இரண்டு பேரைக் குத்தும். குத்துப்பட்டவருக்கு விஷம் ஏறி, சில மூச்சுக்குள் அவர் வெடித்துப்போவார். பக்கத்தில் நிற்பவர்களையும் கொண்டுபோவார். ஹீலர்கள் ஐந்து பேரும் ஒன்றாக விளக்கைத் தூக்கினால் விஷம் இறங்கும். ஆனால் அது ஒருவருக்குத்தான் போதும். யார் அந்த ஒருவர் என்று சொல்வதற்குள் ஒவ்வொரு தரமும் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு நல்ல குரல் இருந்த காலத்திலேயே திருக்கையை அவர்களால் வெல்ல முடிந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் போனாள். அன்ரனிப்பிள்ளை அவளுடைய சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டியதும் மின்விசிறியின் இரைச்சலும் காகமும் புயல் மாதிரிக் கேட்டதாம். சொல் மட்டும் கேட்கவில்லை. சண்டை தொடங்கியதும் வழக்கம்போல எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். "வருது, வருது!" "வலப்பக்கம் ஆரு?" "அடி, அடி!" அந்த இரைச்சலுக்கு அடியில் நிஸ்ரின், "நெய்னார் நானா, திரும்புங்க" என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாம் தரம், டொக்டர் சொன்னதை மறந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தப் பார்த்தாள். வலி வந்தது, இருமல் வந்தது, குரல் வரவில்லை. நெய்னார் திரும்பவில்லை. திருக்கையின் செட்டை அவரை அடித்துத் தூக்கிப் போட்டது. பிறகு ஒவ்வொருவராக விழுந்து திரை இருண்டது.

"பரவால்ல, பரவால்ல" என்றார்கள் எல்லாரும். அந்த 'பரவால்ல' தான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் லெப்டொப்பை மூடிவிட்டுப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அழுவதற்கும் சத்தம் இல்லாததால் உம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ஹில்மிக்கு எழுதினாள்: 'இனி அந்தக் கேம் எனக்கு வாணாம். முடிஞ்சுது.'

அவன், 'ம்' என்று மட்டும் பதில் போட்டான். அவளுக்குக் கோபம்கூட வந்தது.

கிழமை நடுவில் அன்ரனிப்பிள்ளை எழுதினார்: 'இந்தச் சனியும் வாங்க தங்கச்சி. இந்த ஒரு தரம் மட்டும். அதுக்குப் பிறகு நான் உங்கள மறிக்கமாட்டன்.' விடைபெறுகிற மரியாதைக்காகவாவது போக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வெளியே நல்ல காற்று. தென்னோலைகள் ஒரே பக்கமாகப் படுத்து எழும்பிக்கொண்டிருந்தன. நிஸ்ரின் ஜன்னல் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, ஹெட்செட்டை மாட்டினாள். கேமுக்குள் படை கரையில் கூடியிருந்தது. பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வாள்காரர் வரிசையில் 'கற்பிட்டிச் சுறா' என்றொரு பெயர். அது ஹில்மியின் பழைய பெயர்.

"நீங்க என்ன இங்க?" என்றாள்.

"ஆள் குறையுதாம். அன்ரனி அண்ணன் கூப்பிட்டார்" என்றான் ஹில்மி. "உடுப்பு, வாள் எல்லாம் இரவல். வாள எந்தப் பக்கம் பிடிக்கிறண்டே மறந்துபோச்சு."

ஆட்கள் சிரித்தார்கள். அன்ரனிப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க. இண்டைக்கு மைக் எல்லாம் பூட்டு. ஒருத்தரும் கதைக்கிறல்ல. நானும் பூட்டுறன். எப்ப அடிக்கிறது, எப்ப ஓடுறது, ஆரு எங்க நிக்கிறது, எல்லாம் தங்கச்சிதான் சொல்லும். உங்கட வீட்டுல நெருப்புப் பத்தினாலும் சத்தம் போடாம எழும்பிப் போய் அணைச்சிட்டு வாங்க."

நிஸ்ரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணன், ஹீலர் வேலை சரி. அடிக்கச் சொல்றது உங்கட வேலை. எனக்கு அது ஏலாது."

அவருடைய பெயருக்குப் பக்கத்தில் மைக் சிவப்பாகிவிட்டிருந்தது. பிறகு நெய்னாருடையது. பிறகு அலீமா, ஹில்மி. யாழ்ப்பாணம், லண்டன், ரொரன்ரோ. கரையோரத்து வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் அணைவது மாதிரி எல்லா மைக்கும் அணைந்து, கடைசியில் அவளுடையது மட்டும் பச்சையாக எரிந்தது.

இப்படியொரு அமைதியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களுடைய மின்விசிறிகள், குழந்தைகள், கதிரைச் சத்தம், மிலானோவின் ட்ராம் மணி எல்லாம் அற்றுப்போயிருந்தன. தன் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைப் பத்தொன்பது பேர் உலகத்தின் பல மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

அப்போது பள்ளிவாசலில் பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். சாத்திய ஜன்னலையும் தாண்டி அது வந்தது. கூட்டி வைத்திருந்த மைக் அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திரையில் இருபது பேரும் கரையில் நின்றார்கள். வழக்கமாகச் சண்டைக்கு முன் ஒரு நிமிஷம் சும்மா நிற்காத கூட்டம் அது. துள்ளும், சுற்றி ஓடும், ஒருவரையொருவர் குத்தி விளையாடும். அன்று பாங்கு முடியும்வரை ஒருவர் காலை மாற்றி வைக்கவில்லை. தொழுகிறவர், தொழாதவர், அன்ரனிப்பிள்ளை, எல்லாரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். அவளுக்குக் கண் முட்டியது.

அசர் தொழ இன்னும் நேரம் இருக்கிறது. பாங்குக்குப் பின் கேட்கிற துஆவை முடித்து, கையைத் திரும்ப விசைப்பலகையில் வைத்து, "போவம்" என்றாள்.

படை நகர்ந்தது.

இதுவரை எத்தனையோ தரம் சண்டை பிடித்தும் திருக்கையை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. ஹீலரின் கண் திரையின் இடது ஓரத்தில் இருக்கும் இருபது பச்சைக் கோடுகளில்தான் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஓர் ஆளின் உயிர். இன்றைக்கு அடிக்கச் சொல்ல வேண்டியதும் அவள்தான் என்பதால் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்த்தினாள். கடல் வீங்கியது. வீங்கிய தண்ணீர் வழிந்தோட, அடியிலிருந்து ஒரு கறுத்த திடல் எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது. முதுகில் பாசியும் பவளப் பாரும் உடைந்த வள்ளங்களும். திடலின் ஓரத்தில் ஒரு கண் திறந்தது, மெதுவாக, தூக்கம் கலைந்த மாதிரி. அல்லாவே, இதனோடா இத்தனை நாளும் நாங்கள் சண்டை பிடித்தோம் என்று நினைத்தாள்.

"நெய்னார் நானா, இடது."

சொல்லி முடிக்குமுன் கேடயம் இடது பக்கம் திரும்பியது. செட்டை அடித்தது; கேடயம் தாங்கியது.

"அலீமா ராத்தா, நெய்னார். மத்த மூணு பேர், வில்காரர். இப்ப அடிங்க."

அத்தனை வாளும் ஒன்றாக விழுந்தது. முன்பு ஒரு சொல்லைப் பத்துப் பேரின் கூச்சலுக்கு மேலாகத் தூக்கிப் போட வேண்டும். போட்டாலும் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். இப்போது காற்றில் ஒரு சொல்லை விட்டால் போதுமாக இருந்தது. "பின்னுக்கு" என்றால் இருபது பேரும் ஓர் அலை வடிவதைப் போலப் பின்னுக்கு வந்தார்கள். "நில்லுங்க" என்றால் நின்றார்கள். போகப்போக அவள் சொற்களைக் குறைத்தாள். பெயர் மட்டும் சொன்னாள். பெயருக்குரியவர் தான் செய்ய வேண்டியதைச் செய்தார். சொல்லுக்கு முன் அவள் இழுக்கிற மூச்சிலிருந்தே அடுத்தது என்னவென்று அவர்கள் ஊகித்துவிடுவதாகத் தோன்றியது. அத்தனை கூர்மையாக யாரும் தன்னைக் கேட்டது இல்லை. பெற்றவர்கள்கூட இல்லை.

கடைசிக் கட்டம் வந்தது. வால் வானத்துக்கு எழும்பி இறங்கியது. இரண்டு கோடுகள் ஊதாவாக மாறின. ஒன்று அலீமா. மற்றது கற்பிட்டிச் சுறா.

வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் குத்துப்பட்டவர்கள் அலறுவார்கள். "என்னப் பாருங்க, என்னப் பாருங்க!" என்ற சத்தத்தில் முடிவெடுக்கவே விடமாட்டார்கள். இன்றைக்கு இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. விஷம் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று அவள் சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

அலீமா இல்லாவிட்டால் நெய்னார் இல்லை, நெய்னார் இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் நாக்கு ஒரு கணம் ஒட்டிக்கொண்டது.

"எல்லா விளக்கும் அலீமா ராத்தாவுக்கு" என்றாள். பிறகு, "ஹில்மி, தூரப் போங்க."

வாள்காரன் திரும்பினான். கூட்டத்தை விட்டு விலகி, அலை நுரைத்துக் கிடந்த பாறைகளின் பக்கம் ஓடினான். ஒரு தரம்கூட நின்று திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இல்லாத ஒரு முனைக்குப் போய் நின்றான். அங்கே ஊதா வெளிச்சம் ஒன்று வெடித்தது. இடது ஓரத்தில் ஒரு கோடு கறுத்தது.

அலீமாவின் கோடு பச்சையானது.

"நெய்னார் நானாவப் பாருங்க ராத்தா. மத்தவங்க எல்லாரும் அடிங்க. நிப்பாட்டாம அடிங்க."

திருக்கை விழுந்தபோது சத்தம் கேட்டது அதிலிருந்து மட்டும்தான். பெரிய மழைக்கு முன் வருகிற இடி மாதிரி நீண்டு, கடல் முழுதும் ஓடி, அடங்கியது. அந்த உடம்பு மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போனது. அது போன இடத்தில் வெளிச்சம் பரவியது. இத்தனை கிழமையாக அவர்கள் பார்க்க ஆசைப்பட்ட காட்சி.

நிஸ்ரின் காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. மைக்குகள் எல்லாம் சிவப்பாகவே இருந்தன. கரையில் ஆட்கள் துள்ளினார்கள், வாளைத் தூக்கினார்கள், இறந்து கிடந்த ஹில்மியைச் சுற்றி ஓடினார்கள். ஆனால் ஒரு குரல் இல்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் சொல்லும்வரை கதைப்பதில்லை என்று இருக்கிறார்கள். வென்ற பிறகும் இருக்கிறார்கள்.

அந்த அமைதியை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மைக்கத் திறங்க" என்றாள்.

வீடு அதிர்ந்தது. ஹெட்செட்டைக் கழற்றி எறிய வேண்டியதாகிவிட்டது. எறிந்த பிறகும் மேசையிலிருந்து கூச்சல் கேட்டது. அடுப்படியிலிருந்து சித்தி லெய்லா அகப்பையோடு ஓடி வந்தாள்.

"என்ன மகள், என்ன நடந்த? ஆரு இவங்க இப்பிடிக் கத்துற?"

நிஸ்ரின் உம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. மேசையிலிருந்து நெய்னாரின் குரல், "நான் இன்னும் உயிரோட இருக்கிறன்! அன்ரனி அண்ணன், கடைசி வரைக்கும் நான் சாகல்ல!" என்று கத்திக்கொண்டிருந்தது. அன்ரனிப்பிள்ளையின் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"இவங்க எல்லாம்..." என்று தொடங்கிய நிஸ்ரின், என்ன உறவு சொல்வது என்று தெரியாமல், "தெரிஞ்ச ஆக்கள் உம்மா" என்று முடித்தாள். உம்மா அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, லெப்டொப்பைப் பார்த்து, "சரி, சரி. புள்ளட தொண்டைக்கு ஏலாது, மெதுவாக் கதைங்க" என்றாள். அந்தப் பக்கம் உடனே அடங்கியது. "சரி உம்மா" என்று ரொரன்ரோவிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அதன்பின் அசர் தொழப் போனாள். சுஜூதில் நெற்றியை வைத்தபோது குரல் வர வேண்டும் என்று கேட்கத்தான் நினைத்திருந்தாள். வழமையாகக் கேட்பது அதுதான். அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. அந்தக் கரையும் அசையாமல் நின்ற அந்த ஆட்களும் மட்டும் கண்ணுக்குள் இருந்தார்கள். எதையும் கேட்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

ஹில்மி மாலையில் அழைத்தான்.

"என்ன விட்டுட்டு அலீமா ராத்தாவ எடுத்தாய்."

"ஓம்."

"யோசிக்கக்கூட இல்ல."

"யோசிச்சன். கொஞ்சம்."

அவன் சிரித்தான்.

"நம்மட பள்ளிப் பாங்கு கேட்டுது" என்றான். "இங்க வந்த நாளையிலருந்து கேட்டதில்ல. நான் அழுதுட்டன். மைக் பூட்டியிருந்தது நல்லதாப் போச்சு."

அவள் போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"இன்னொண்டு சொல்லட்டா? நீ தூரப் போங்க எண்டு சொன்ன நேரம், எதுக்கு எண்டு கேக்கவே எனக்குத் தோணல்ல. கால் தன்பாட்டுல போச்சு. கேமுல மட்டும் சொல்லல்ல. இங்க, கதிரையில, என்ட காலும் எழும்பப் பாத்துது." அவன் நிறுத்தி, மெல்லிய குரலில், "நான் கட்டினது ஆரு எண்டு எனக்கு இண்டைக்குத்தான் கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

"காணும், காணும்" என்று அவனை நிறுத்தினாள் நிஸ்ரின். முகம் சூடாகியது. போனில் அது தெரியாது.

அவள் விலகிப் போகவில்லை. அதற்குப் பிந்திய சனிக்கிழமைகளில் அன்ரனிப்பிள்ளை தன் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் சண்டை இறுகும் நேரத்தில் அவரும் வாயை மூடிக்கொள்வார். ஹில்மியும் தங்கிவிட்டான். வாள் பிடிக்கிற பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது; ஆட்டம் என்னவோ சுமார்தான்.

குரல் மாரி மழையோடு வந்தது. லீவில் இருந்தாலும் பிள்ளைகளைப் பார்க்க முன்பள்ளிக்குப் போனவள், ஒரு சின்னவன் ஈர மதிலில் ஏறி நின்றதைப் பார்த்து, "இறங்கு!" என்றாள். மதில் மேல் நின்றவனும் திடுக்கிட்டான், அவளும் திடுக்கிட்டாள். பழைய குரல் இல்லை அது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தடிப்பு. இனி இப்படித்தான் இருக்கும் என்றார் டொக்டர்.

சனிக்கிழமை அவள் எல்லாருக்கும் முந்தி வந்து காத்திருந்தாள். ஆட்கள் சேர்ந்ததும், "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் சுகமா?" என்றாள்.

குழு அப்படியே ஓய்ந்துபோனது. கடைசியில் நெய்னார்தான் வாயைத் திறந்தார்.

"வஅலைக்கும் ஸலாம். நீங்க ஆரு? புதுசா?"

நிஸ்ரின் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இருந்தது.